முக்கால் பங்கு சலுகை, ஏற முடியாத படி

(செங்கல்பட்டில் தோழர்கள் நடத்திய அரங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த அரங்கத்துக்கு ஏறி வரப் பதினேழு படிகள். பத்தாவது படியில் ஒரு திருப்பம். அதற்கு அப்புறம் கைப்பிடி இல்லை. பார்வையற்றவன் புது இடத்துக்கு வந்தால் முதலில் மனதில் குறித்துக்கொள்வது இதைத்தான். எனக்கு இது பெரிய சிரமமில்லை. வெண்கோல் இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு அடுத்துப் பேச வேண்டிய தோழர் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். போலியோவில் இரண்டு கால்களும் போனவர். மதுராந்தகத்திலிருந்து இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில், நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மதுராந்தகத்தில் ரயில் நிற்கிறது. செங்கல்பட்டுக்கு நேராக வருகிறது. அவரால் அதில் ஏற முடியாது.

நான்கு பேர் சேர்ந்து மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று நம் தோழர்கள் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது தொலைபேசியில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஏன் வேண்டாம் என்றார் என்பதுதான் நான் இன்று பேச வந்த விஷயம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு காலனி. பிறவியிலேயே பார்வை இல்லை. அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, கல்லூரி முடித்து, இப்போது தாம்பரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். மாமல்லபுரம் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், உலகமே வந்து பார்க்கிற ஊர். ஆனால் ரயில் இல்லாத ஊர். கிழக்குக் கடற்கரை ஓரமாகப் புதுச்சேரி, கடலூர் வரை பாதை போடப்போவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். பாதை வந்தபாடில்லை. எங்களுக்கு ரயில் என்றால் செங்கல்பட்டுதான். திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்து, இங்கே மின்சார ரயில் பிடிக்க வேண்டும். இருபது வருடமாக இதுதான் என் பாதை. கொளவாய் ஏரிக் காற்று முகத்தில் அடித்தால் செங்கல்பட்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

கல்லூரியில் படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் பாதையில் ஒரு நிலையம். பெயர் வேண்டாம், எந்த நிலையமாகவும் இருந்திருக்கலாம். இறங்கி அடுத்த நடைமேடைக்குப் போக வேண்டும். ஒரு பெரியவர் வந்தார். "வாப்பா தம்பி, நான் கொண்டுபோய் விடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். படியேறும்போது ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே வந்தார். என்ன படிக்கிறாய், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். பாதிப் படியில், எந்த ஊர் என்றார். மாமல்லபுரம் பக்கம் என்றேன். ஊருக்குள்ளேயா என்றார். இல்லைங்க ஐயா, காலனி என்றேன்.

என் கையைப் பிடித்திருந்த கை விலகியது. போய்விட்டார் என்று நினைத்தேன். போகவில்லை. என் வெண்கோலின் அடி நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் மேல்முனையைப் பிடித்திருக்க, அவர் மறுமுனையைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினார். "பார்த்துப் போப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உதவியையும் விடவில்லை, தீட்டையும் விடவில்லை.

வெண்கோலின் நுனிதான் எனக்குக் கண். அதை ஒருவர் பிடித்துத் தூக்கிவிட்டால் நான் முழுக்கக் குருடன். அவருக்கு அது தெரியாது. அவருக்கு அது ஒரு குச்சி, தொடாமல் தொடுவதற்கு ஒரு வசதி.

பிற்பாடுதான் அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலைத் தோழர் ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். 1901-இல் சத்தாராவிலிருந்து, அப்பா வேலை பார்க்கும் ஊருக்குப் போகச் சிறுவர்கள் ரயிலேறுகிறார்கள். மசூர் என்ற நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை. நிலைய அதிகாரி பரிவோடு விசாரிக்கிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரண்டு மடங்கு வாடகை, அதோடு வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும் என்று பேசி முடிகிறது. வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருகிறார். இதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது: டிக்கெட் வாங்கினால் ரயில் ஏற்றிக்கொள்கிறது, நிலையம்தான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது.

நம்முடைய இயக்கத்தின் வரலாற்றையே வழியின் வரலாறு என்று சொல்லலாம். இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் எதைப் பற்றியது? பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் யாரும் நீர் எடுக்கலாம் என்பது பற்றியது. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இதே செங்கல்பட்டில் நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை வெட்டி எறிவோம் என்று தீர்மானம் போட்ட ஊர் இது. ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்ததைப் பெரியார் எதிர்த்துப் போராடி, 1941-இல் அது ஒழிந்தது. தெரு, கிணறு, ரயில் நிலையத்துச் சாப்பாட்டு மேசை. அடுத்தது நடைமேடைப் படி. இதை மட்டும் ஏன் 'ஊனமுற்றோர் சங்கத்து விவகாரம்' என்று ஒதுக்குகிறோம்?

சாதியும் ஊனமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சாதி பார்க்கும் பார்வையற்றவர்களை நான் ஏராளமாகச் சந்தித்திருக்கிறேன். கண் தெரியாதவனுக்குச் சாதி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிற்பவனுக்கு, அடுத்தவர் கையை நம்பிப் பயணம் செய் என்று சொல்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரியும். கையை நம்பினால் கையின் சாதியையும் நம்ப வேண்டியிருக்கிறது. சரிவுப்பாதைக்குச் சாதி இல்லை. ஒலிபெருக்கி ஊர் கேட்காது.

ரயில்வே எங்களுக்கு என்ன கொடுக்கிறது? சலுகை. இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு டிக்கெட்டில் 75 சதவீதம் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கும் அதே தள்ளுபடி. நன்றி, வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நூறு ரூபாய் டிக்கெட்டை இருபத்தைந்து ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, ஏறுவதற்கு வழி எங்கே என்று கேட்டால், அதுதான் தள்ளுபடி கொடுத்திருக்கிறோமே என்கிற மாதிரி ஒரு மௌனம். கீழே இருக்கும் தோழருக்கு நூறு சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்பார். துணையாளுக்குத் தள்ளுபடி என்பதன் அர்த்தமும் அதுதான்: நீ தனியாக வருவாய் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

அந்தச் சலுகைப் பட்டியலில் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'திவ்யாங்ஜன்'. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசும்போது முன்வைத்த சொல். தெய்வ உறுப்புடையவர்களாம். காந்தியார் நம்மைக் கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லி 'ஹரிஜன்' ஆக்கியது நினைவிருக்கிறதா? அந்தச் சொல்லை அம்பேத்கர் ஏற்கவில்லை. கிணற்றைத் திறந்துவிடாமல் பெயரில் மட்டும் கடவுளை ஒட்டவைப்பது பழைய வித்தை. எனக்கு இரண்டு பெயரும் கிடைத்திருக்கிறது. அப்பா வழியில் ஹரிஜன், கண் வழியில் திவ்யாங்ஜன். இவ்வளவு தெய்வீகம் இருந்தும் மேம்பாலத்தில் கைப்பிடி இல்லை.

சரி, படிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்க வேண்டும். ரயில்வே உயர் நடைமேடை என்று சொல்வது தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை. விரைவு ரயில் பெட்டியின் தளம் ஏறக்குறைய 1,300 மில்லிமீட்டர். அதாவது உயரமான நடைமேடை என்று அவர்களே சொல்லும் இடத்திலும் பெட்டிக்குள் போக அரை மீட்டர் ஏற வேண்டும். நடைமேடை தாழ்வாக இருக்கிற சிறிய நிலையங்களில் கேட்கவே வேண்டாம். மின்சார ரயிலில் இந்த உயரம் குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. அதோடு வண்டி நிற்பது அரை நிமிடம். சென்னை மெட்ரோவில் நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம். சக்கர நாற்காலி உருண்டு உள்ளே போகிறது. அதே ஊர், அதே பொறியாளர்கள். முடியாத காரியம் என்று யாரும் நம்மிடம் சொல்லிவிட முடியாது.

விரைவு ரயில்களில் எங்களுக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. வாசல் அகலம், கழிப்பறை அகலம், எல்லாம் சரி. அதை எங்கே மாட்டுகிறார்கள்? சரக்கு அறையோடும் கார்டு அறையோடும் சேர்த்து வண்டியின் நுனியில். பெரும்பாலும் நடைமேடையின் கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடம் அது. ஊருக்கு வெளியே, கடைசியில், தனியாக. சேரி எங்கே இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் செய்தாலும் கை அங்கேதான் போகிறது.

பார்வையற்றவர்களுக்கு வேண்டியது வேறு. நடைமேடைகளில் மஞ்சள் நிறத்தில் புடைப்புள்ள தரைக்கற்களைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்குப் போட்டது என்று நினைத்து அதன்மேல் மூட்டையை வைக்கிறீர்கள். 1965-இல் ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்தது அது. 1967-இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே ஒரு சாலையில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக்கோடு என்றால் போகலாம். புள்ளி என்றால் நில், முன்னால் விளிம்போ படியோ இருக்கிறது. காலால் படிக்கிற இரண்டெழுத்து மொழி. ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றுதான் மஞ்சள் நிறம். இந்தப் பாதையில் ஒரு நிலையத்தில் நீளக்கோட்டை நம்பி நடந்து நேராகத் தூணில் மோதினேன். கல்லைப் பதித்தவருக்கு அது எழுத்து என்று யாரும் சொல்லித்தரவில்லை. கிழிந்த நெற்றியோடு பள்ளிக்குப் போனேன். "சார், யார்கூட சண்டை?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

மும்பைப் புறநகர் நிலையங்களில் மாற்றுத்திறனாளிகள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நடைமேடையில் 'பீப்' ஒலி எழுப்பும் கருவி வைத்தார்கள். அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தால் பெட்டி. எவ்வளவு எளிய விஷயம்! மைசூரு நிலையத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து பிரெய்ல் வரைபடமும் கைப்பிடிகளில் பிரெய்ல் எழுத்தும் வைத்தார்கள். நம் பக்கத்தில் டிக்கெட் இயந்திரம் தொடுதிரை. கண்ணாடியைத் தடவினால் கண்ணாடிதான் தெரியும். செங்கல்பட்டும் கூடுவாஞ்சேரியும் 'அம்ரித் பாரத்' திட்டத்தில் புதுப்பிக்கப்படும் நிலையங்களின் பட்டியலில் இருக்கின்றன. முகப்பு எப்படி இருக்கும் என்று படம் போட்டார்கள். என் மகள் எனக்கு விவரித்துச் சொன்னாள், தூணெல்லாம் அழகாக இருக்கிறதாம். தூண் என்றதும் என் கை நெற்றிக்குப் போய்விட்டது.

இத்தனை வருடத்தில் நடைமேடையில் எனக்கு அதிகம் கை கொடுத்தவர்கள் யார் தெரியுமா? துப்புரவு வேலை செய்யும் அக்காக்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவார்கள். ஊர் கேட்க மாட்டார்கள். கேட்காமலேயே தெரியும் போல. எனக்கு வழிகாட்டுவது அவர்கள் வேலைப் பட்டியலில் கிடையாது. அதற்குச் சம்பளமும் கிடையாது. மேற்பார்வையாளர் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று திட்டு விழும். ஒரு பெரிய அரசு அமைப்பு செய்ய வேண்டிய கடமையை, வேலை உத்தரவாதம் இல்லாத ஒரு பெண் திட்டு வாங்கிக்கொண்டு செய்கிறார். ஒவ்வொரு நிலையத்திலும் உதவிக்கென்று பயிற்சி பெற்ற, நிரந்தர ஊழியர் வேண்டும் என்று கேட்கும்போது, அந்த வேலையை முதலில் இந்த அக்காக்களுக்குக் கொடு என்றும் நாம் கேட்க வேண்டும்.

ரயில் என்றால் பயணம் மட்டுமா? செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே ஓடும் மின்சார ரயிலில் கடலை மிட்டாய், பேனா, அட்டை உறை விற்கும் பார்வையற்ற தோழர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலர் பட்டதாரிகள். என்னோடு படித்தவர்களும் அதில் இருக்கிறார்கள். எனக்கு வேலை கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை; அவ்வளவுதான் வித்தியாசம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 144-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் ரயிலில் விற்பது குற்றம். ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிச்சை எடுப்பதற்கும் முன்பு அதே பிரிவில் அதே தண்டனைதான் இருந்தது. பத்து ரூபாய்க்குப் பேனா விற்பவரையும் கையேந்துபவரையும் சட்டம் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தது.

2014-இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மகிழ்ந்தோம். முதல் பிரிவிலேயே, ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் ரயில்களுக்கும் இது பொருந்தாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். சாலையில் விற்பவருக்குப் பாதுகாப்பு, ரயிலில் விற்பவருக்குச் சிறை. பார்வையற்றவர் ஏன் சாலையை விட்டு ரயிலுக்கு வந்தார் என்று யாரும் யோசிக்கவில்லை. ஜிஎஸ்டி சாலையில் கோலோடு நின்று பாருங்கள், தெரியும். ரயில் பெட்டிக்குள் லாரி வராது, பள்ளம் கிடையாது, வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு இருப்பதிலேயே பாதுகாப்பான கடைத்தெரு அது. பாதுகாப்புப் படை வரும் சத்தம் கேட்டால் ஓடும் வண்டியிலிருந்து அவசரமாக இறங்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் கால் போகிறது, உயிர் போகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லாமல் செங்கல்பட்டில் பேசி முடிக்க முடியாது. பக்கத்தில் திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல காலமாக நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி இங்கே வந்திருக்கிறார்கள். தொழுநோயாளிக்கும் 75 சதவீதச் சலுகை உண்டு. ஆனால் 'தொற்றாத தொழுநோயாளி' என்று மருத்துவர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். என்னால் யாருக்கும் தீட்டு இல்லை என்று ஒரு மனிதன் காகிதம் வைத்துக்கொண்டு பெட்டியில் உட்கார வேண்டும். மருந்து சாப்பிடத் தொடங்கினாலே தொற்று நின்றுவிடும் நோய் இது. 2016 சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அருகில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போவதை எந்தச் சட்டத்தால் தடுப்பது? அது நம்முடைய வேலை. எழுந்து போகிறவர்களோடு நூறு வருடமாகப் பேசிப் பழகிய இயக்கம் இது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் ஊனம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம்தான் போக்குவரத்தையும் நிலையங்களையும் எல்லோரும் அணுகும்படி செய்வது அரசின் கடமை என்றது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களுக்கு விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற மனிதர் 2005-இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 2017-இல் தீர்ப்பு. அப்புறமும் நடக்கவில்லை. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்தது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் மறுபடி சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் உருவாக்கு என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவு போட்டது. ஒரு மனிதர் நடைபாதை கேட்டு நடந்த தூரம் பத்தொன்பது ஆண்டுகள்.

நீதிமன்றத்தில் நடப்பது நடக்கட்டும். நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓர் அளவு நாடாவோடு ரயில் நிலையத்துக்குப் போவோம். நடைமேடை உயரம், இடைவெளி, சரிவுப்பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மின்தூக்கி எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுவோம். நான் அளக்கிறேன், கண் உள்ளவர்கள் எழுதுங்கள். அதைக் கோட்ட மேலாளருக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்புவோம். பதில் வராவிட்டால் கொடியோடு போவோம். அது நமக்குப் பழக்கம்தான். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். அந்த நோட்டை ஓரமாக வையுங்கள். வரும்போது மேசையில் இடித்துக்கொண்டேன்.

இப்போது அடுத்துப் பேச வேண்டியவர் கீழே இருக்கிறார். தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்று அவரிடமே கேட்டேன். "தூக்கினவங்களைப் பத்தி அப்புறம் நான் எப்படிங்க பேசறது?" என்றார். தோழர்களே, நம் இயக்கத்தின் அரங்கம் இது. ரயில்வேயைக் கேள்வி கேட்கும் முன் நமக்கும் பதினேழு படி பாக்கி இருக்கிறது. டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், வாசலில் இடம் தருகிறேன் என்றார். மைக் வயர் கீழே வரைக்கும் எட்டுமா என்று யாராவது பாருங்கள். எட்டாவிட்டால் பரவாயில்லை, அவருக்குக் குரல் பெரிசு. எல்லோரும் எழுந்து கீழே வாருங்கள். திருப்பத்துக்கு மேலே கைப்பிடி இல்லை, மெதுவாக இறங்குங்கள்.